பட்டை ஏறும் நேரம்

சாமியின் குதிகால்களைப் பார்த்துக்கொண்டே மெலித்தா நடந்தாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை, பார்த்தால் உச்சிவெயிலில் தண்ணீரைப் பார்த்த மாதிரி கண் கூசியது, குதிகால்கள் மட்டும் பார்க்கும்படி இருந்தன, ஒரு வெடிப்பு இல்லை, ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை, முள்ளின் மேல் வைத்தாலும் முள்தான் விலகியது. சாமி அப்பொல்லோன் நடந்தால் நிலம் சுருங்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் கண்ணால் கண்டாள். அவர் ஓரடி வைப்பதற்குள் ஒரு குன்று பின்னால் போய்விடுகிறது, மேலாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வா என்று சொன்னதால் அவளும் அந்தச் சுருக்கத்துக்குள் இழுபட்டுக்கொண்டு போனாள், காலுக்கடியில் ஓடைகளும் பாறைகளும் வழுக்கிக்கொண்டு ஓடின, அடிவயிற்றிலிருந்து குமட்டல் வந்தது, வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டாள். இப்போது பட்டை தேரோனின் முழங்காலுக்கு ஏறியிருக்கும். கிளம்பும்போது கணுக்கால் எலும்பை மூடியிருந்தது, அவள் ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வருவதற்குள் கெண்டைக்கால் தொடங்கும் இடத்தைத் தொட்டுவிட்டது, அப்படியென்றால் இப்போது முழங்கால், இல்லை, அதற்கும் கொஞ்சம் கீழே, அவள் புருஷனுக்கு நீளமான கால், கல்யாணத்தின்போது அவளுடைய அத்தைகள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், நீளமான கால் என்றால் பட்டை ஏறுவதற்கும் நேரமாகும், அதற்கு மேல் தொடை, தொடையும் நீளம்தான், ஆனால் இடுப்புக்கு மேலே மனுஷர் எல்லாருமே ஒரே அளவு, அங்கேயிருந்து கழுத்துக்கு எவ்வளவு தூரம், ஒரு முழம் இருக்குமா, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், கழுத்துக்கு மேலே வாய். வாய்க்கு மேலே அவள் நினைக்கவில்லை. குதிகால்களைப் பார்த்தாள்.

காலையில் தொழுவத்தின் படல் திறந்து கிடந்தது. பாதிக்கு மேல் பசுக்களைக் காணவில்லை. நாய்கள் இரண்டும் வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தன, அடித்தும் எழுந்திருக்கவில்லை. சாமியின் மாடுகள் அவை, அவளும் தேரோனும் பியேரியா மலைச்சரிவில் அவற்றை மேய்த்துக்கொண்டு கிடப்பவர்கள், மாட்டுக்கு ஒன்று ஆனால் தங்களுக்கு என்ன ஆகும் என்று அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை, பேச என்ன இருக்கிறது. தேடலாமா, ஓடிவிடலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் அவர் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "ராத்திரி யார் காவல்?" என்று மட்டும் கேட்டார். மெலித்தா வாயைத் திறந்தாள், திறந்தாள்தான், நாக்கு அசைந்தது அவளுக்கே தெரியும், ஆனால் அதற்குள் பக்கத்திலிருந்து தேரோன், "நான்தான் சாமி" என்றான். அவன் இல்லை. அவளுடைய காவல் அது. முதல் பாதி அவளுடையது, அவனை எழுப்பிவிட்டுத்தான் அவள் படுத்திருக்க வேண்டும், எழுப்பவில்லை, கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள், ஒரு கொட்டாவி வந்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது, அடுத்து முகத்தில் வெயில். "நிற்கத் தெரியாதவனுக்கு எதற்குக் காவல்? இப்போது நின்று பழகு. மாடு கிடைக்கும்வரை நில். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே இரு" என்றார் சாமி, கையைக்கூட அசைக்கவில்லை. தேரோன் காலை எடுக்கப் பார்த்தான், வரவில்லை. கால் விரல்களின் மேல் பழுப்பாக ஏதோ படர்ந்தது, சேறு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள், குனிந்து தொட்டால் பைன் மரத்துப் பட்டை, சொரசொரவென்று, உள்ளே அவனுடைய சூடு இன்னும் மிச்சமிருந்தது.

ஏன் பேசாமல் இருந்தாள்? அவன் சொன்ன பிறகாவது, இல்லை சாமி, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாமி ரெண்டு பேரையும் நிறுத்தியிருப்பார், அப்புறம் மாட்டைத் தேட யார் போவது, அதனால்தான் சொல்லவில்லை, இல்லை, அதை அப்போது நினைக்கவே இல்லை, அது இப்போது நடக்கும்போது நினைத்துக்கொள்வது. அப்போது நினைத்தது வேறு. அப்போது பட்டை இல்லாத தன் காலைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை. அதைத் தேரோனும் பார்த்திருப்பானோ? பார்த்திருந்தால் எதுவும் சொல்லமாட்டான், அவன் சுபாவம் அப்படி. "மாட்டை எனக்கு முகம் பார்த்துத் தெரியும் சாமி, குரலை வச்சே எந்தப் பசுன்னு சொல்லுவேன், என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று அவள் மண்ணில் விழுந்து கும்பிட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். "போயிட்டு வா. வலிக்கலை. கால் குளிர்ந்து கெடக்கு, அவ்வளவுதான்" என்றான் தேரோன். இடுப்புக்கு வந்திருக்காது. இன்னும் இடுப்புக்கு வந்திருக்காது.

சாமி நின்றுவிட்டார். அதுதான் அவளை முதல்முதலாக உண்மையாகவே பயமுறுத்தியது. ஆற்று மணலில் குளம்படித் தடம் தெளிவாக இருந்தது, ஆனால் எல்லாக் குளம்பும் அவர்கள் வந்த வழியைப் பார்த்து இருந்தன, மாடுகள் எங்கேயும் போகவில்லை, எங்கிருந்தோ தொழுவத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தன என்பது போல. பக்கத்தில் இன்னொரு தடம், மனுஷத் தடமும் இல்லை, கரடியும் இல்லை, சுள்ளிக்கட்டைக் காலில் கட்டிக்கொண்டு யாரோ பெருக்கிக்கொண்டே போன மாதிரி. சாமி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், திரும்பவும் குனிந்தார். அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. எல்லாம் தெரிந்தவர் என்றுதானே ஊர் ஊராகப் போய்க் குறி கேட்கிறார்கள், அவருக்கே தெரியாவிட்டால் தேரோன் என்ன ஆவான்? அவள் மணலில் மண்டியிட்டாள். வெண்ணெற்றி என்ற பசுவின் தடம் அவளுக்குத் தெரியும், முன்னங்கால் இடது குளம்பில் ஒரு பிளவு உண்டு, ஆழமாகப் பதிந்திருந்தது குளம்பின் முனை இல்லை, குதிப்பக்கம். பசு முன்னால் நடந்தால் முனைதான் அழுந்தும். "சாமி, பின்னாலேயே நடக்க வச்சு ஓட்டிட்டுப் போயிருக்காங்க" என்றாள். அத்தனை மாட்டையும் வாலை முன்னால் வைத்து மலையேற்றுகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான், அவனிடமிருந்து எதைப் பிடுங்க முடியும்? குதிகால்கள் நகர்ந்தன. அவள் ஓடிப்போய் ஆடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கில்லேனே மலையில் ஒரு குகை. வாசலில் வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது, உள்ளே பால் வாசமும் பிள்ளை பெற்ற வீட்டு வாசமும். ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்றாள், மாயா என்கிற மலைத்தெய்வம், வானத்தரசன் ஜீயஸ் யாருக்கும் தெரியாமல் வந்துபோகிற இடம் இது என்று மேய்ச்சல்காரர்கள் சாடைமாடையாகப் பேசுவார்கள், அப்பொல்லோனுக்கும் அவர்தான் அப்பா. "என்னப்பா இது, தீட்டுக்கூடக் கழியலை, நேத்துப் பொறந்த பச்சைப்புள்ள தூங்குது" என்றாள். "நீங்க ஒதுங்கிக்குங்க சித்தி" என்றார் சாமி. தொட்டிலில் துணிச்சுற்றுக்குள் ஒரு குழந்தை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கை முஷ்டியை வாயில் வைத்துக்கொண்டு. மெலித்தா எத்தனையோ கன்றுகள் படுத்திருப்பதைப் பார்த்தவள். தூங்குகிற உயிரின் விலா எப்படி ஏறி இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். இது தூங்கவில்லை.

"எழுந்திரு ஹெர்மீஸ். மாடு எங்கே?"

குழந்தை ஒரு கண்ணைத் திறந்தது. "அண்ணாவா? வாங்க அண்ணா. எந்த மாடு? எனக்கு இன்னும் தலையே நிக்கலை, நான் எப்படி மாடு ஓட்டுவேன்? அம்மாவைக் கேளுங்க, நேத்துத்தான் பொறந்தேன்." குரல் குழந்தைக் குரலே, ஆனால் சந்தையில் பல்லைக் காட்டாமல் மாட்டை விற்கிறவனின் இழுவை அதில் இருந்தது. சாமி தொட்டிலோடு சேர்த்துத் தூக்கினார். "பாதாளத்தில் வீசுவேன். அம்மாவும் வரமாட்டாள், அப்பாவும் வரமாட்டார். கடைசியாகக் கேட்கிறேன்." வீசிவிட்டால் மாடு எங்கே என்று யார் சொல்வார்கள், வீசாதீர்கள் சாமி, வீசாதீர்கள் என்று மெலித்தாவுக்குள் ஒரு குரல் கத்தியது, அந்தக் குழந்தைக்காக இல்லை, அதன் கழுத்து முறிந்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை, வாய் மட்டும் பேசினால் போதும், இப்படி நினைக்கிறோமே என்று ஒரு கணம் கூசினாள், கூசுவதற்குக்கூட நேரமில்லை, இடுப்புக்கு வந்துவிட்டது, இப்போது நிச்சயம் வந்துவிட்டது. அப்போதுதான் காற்று திரும்பியது. மலையிடுக்கிலிருந்து அந்த வாசம் வந்தது, ஈரச் சாணியும் அசைபோட்ட புல்லும். ஒரு பசு கத்தியது. சாம்பலி. அதற்குப் பதில் கொடுத்தது இன்னொன்று. அவள் யாரிடமும் கேட்காமல் வெளியே ஓடினாள், குகைக்குப் பக்கத்திலேயே பாறை பிளந்த ஒரு பள்ளம், அதற்குள் அத்தனையும் நின்றன, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, அவளைப் பார்த்ததும் தலையைத் தூக்கின. ரெண்டை மட்டும் காணோம். மேட்டுப் பாறை மேல் ரெண்டு தோல்கள் விரித்துக் காயவைக்கப்பட்டிருந்தன, முழு வெயிலில். ஒன்றின் நெற்றிப்பக்கம் வெள்ளை.

மற்ற நாளாக இருந்தால் அந்தத் தோலின் மேல் விழுந்து அழுதிருப்பாள். ஈன்ற அன்று அதைத் தன் மடியில் போட்டுக்கொண்டு விடியவிடிய வைக்கோலால் தேய்த்தவள் அவள். இப்போது மனசில் ஓடியது ஒன்றுதான், மாடு கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது, சாமி சொன்ன வார்த்தை அதுதானே, கிடைக்கும்வரை நில் என்று, இனி அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். திரும்பி ஓடிவந்தாள். சாமியும் வெளியே வந்திருந்தார், குழந்தையைக் கையிலிருந்து இறக்கியிருந்தார், அது துணிச்சுற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு, நேற்றுப் பிறந்தது, தன் காலால் நடந்து போய்த் தொட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து வந்தது. ஆமை ஓடு. அதன் மேல் ரெண்டு கொம்பு நட்டு, குறுக்கே ஒரு குச்சி கட்டி, அதிலிருந்து மஞ்சளாக நரம்புகள் இழுத்துக் கட்டியிருந்தன, ஈரம் இன்னும் முழுக்கக் காயாத குடல் நரம்புகள். சாமியின் கை தோளில் தொங்கிய வில்லை இறுகப் பிடித்திருந்தது. குழந்தை அவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது. மாடு கிடைத்துவிட்டது சாமி என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள், குழந்தை ஒரு நரம்பைச் சுண்டியது.

முதலில் அது வெண்ணெற்றிதான் என்று நினைத்தாள். பாறை மேல் கிடக்கிற தோலுக்குள்ளிருந்து பசு கூப்பிடுகிறது. குரல் அதேதான், மாலையில் அவள் மடியில் கை வைத்ததும் தொண்டைக்குள்ளேயே ஒரு முனகல் விடுமே, அது. ஆனால் தொண்டை எங்கே? தாலாட்டுப் பாடக் கேட்டிருக்கிறாள், செத்த வீட்டில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு பாடக் கேட்டிருக்கிறாள், அதற்கெல்லாம் ஒரு வாய் இருந்தது, மூச்சு முட்டியது, நடுவில் இருமினார்கள். இதற்கு வாய் இல்லை, மூச்சு வாங்கவில்லை, யாருடைய துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்று அதன் தோளைத் தொட்டு எழுந்தது. ரெண்டாவது நரம்பு, மூன்றாவது. அவளுக்குத் தண்ணீர்க்குடம் நினைவு வந்தது, எந்தக் குடம் என்று இல்லை, எல்லா நாளும் ஓடையிலிருந்து மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிற குடம், கழுத்து நரம்பு புடைத்து, விரல் மரத்து, அப்புறம் வாசலில் அதை இறக்கி வைக்கிற அந்த ஒரு நொடி, தோள் தானாக மேலே போகுமே, உடம்பில் யாரோ காற்றை ஊதிவிட்ட மாதிரி இருக்குமே, அந்த நொடி கண்ணிமைப்பதற்குள் போய்விடும், அடுப்புக்கு, கன்றுக்கு, சுள்ளிக்கு என்று அடுத்த பாரம் வந்துவிடும். இங்கே அது போகவில்லை. இறக்கி வைத்தாள், இன்னும் இறக்கி வைத்துக்கொண்டே இருந்தாள், தோள் மேலே மேலே போயிற்று. ஒரு பல்லி பாறை மேல் வந்து தலையைத் தூக்கி நின்றது. அதன் தொண்டை துடிப்பதைப் பார்த்தாள், அதுவும் சரியாகவே துடித்தது. மலை எங்கே முடிகிறது, தன் கை எங்கே தொடங்குகிறது என்று தேடவேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது. பிறந்ததிலிருந்து வயிற்றுக்குள் சுருண்டு கிடந்த ஏதோ ஒன்று, அது பயம் என்றுகூட அவளுக்குத் தெரியாது, எல்லா மனுஷருக்கும் வயிறு என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள், அது அவிழ்ந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது, இருந்தது, அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை. பல்லி போய்விட்டிருந்தது. தோல்களின் மேல் நிழல் விழுந்திருந்தது. வெண்ணெற்றியின் நெற்றி நிழலில் சாம்பலாகத் தெரிந்தது, அழகாக இருந்தது அதுவும், நிழல் எப்படி அங்கே வந்தது என்று மெதுவாக, சோம்பலாக நினைத்தாள், வரும்போது அங்கே முழு வெயில் அல்லவா இருந்தது, வெயில் எப்போது போயிற்று, போனால் போகட்டும், எதையோ இறக்கி வைத்தோமே, எதை, குடத்தை, குடம் இல்லை, கையில் குடம் கொண்டுவரவில்லை, கையில் எதுவுமே கொண்டுவரவில்லையே, பின்னே எதை இறக்கி வைத்தோம்.

தேரோனை.

உடம்பு முழுக்கக் குளிர் பாய்ந்தது. இடுப்பு என்று கணக்குப் போட்டது எப்போது? அது வெயில் தோல்களின் மேல் இருந்தபோது. இப்போது வெயில் மலையின் தோளுக்குப் போய்விட்டது. மார்பு, மார்புக்கும் மேலே, அவள் இங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்ற நேரமெல்லாம் அங்கே அவன் மேல் அது ஏறிக்கொண்டிருந்தது, அவன் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான், கூப்பிட்டிருப்பானா, கூப்பிடமாட்டான். சாமியைப் பார்த்தாள். வில் தரையில் கிடந்தது. அவர் உட்கார்ந்திருந்தார், மண்ணில், கால்களை மடக்கிக்கொண்டு, மாட்டையும் நினைக்கவில்லை, பாதாளத்தையும் நினைக்கவில்லை, தான் நிற்கவைத்துவிட்டு வந்த ஒரு மனுஷனையா நினைக்கப் போகிறார். அவள்தான் பேசவேண்டும். பேசினால் இது நின்றுவிடும். அந்த எண்ணம் வந்தது, வந்ததை அவள் பார்த்தாள், இன்னும் கொஞ்ச நேரம், இந்த ஒரு சுற்று முடியட்டும் என்று தன்னுடைய மனசே தன்னிடம் கெஞ்சியதைக் கேட்டாள். நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

"சாமி. என் புருஷன்."

தவளை கத்திய மாதிரி இருந்தது. நரம்பு நின்றது. அப்பொல்லோன் திரும்பினார், முதல்தடவையாக அவர் முகத்தை அவள் பார்த்தாள், கண் கூசவில்லை, ஏனென்றால் அது நனைந்திருந்தது. சாமி அழுதிருக்கிறார், ஒரு மாட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டாள். அவர் முகம் மெல்ல மெல்லப் பழைய வெளிச்சத்துக்குத் திரும்பியது, கை தரையில் வில்லைத் தேடியது. "யார் நடுவில் பேசியது?" என்று கேட்டார், அவள்தான் என்று தெரிந்தே. ஓடினால் முதுகில் படும், நின்றால் மார்பில். அம்பு பட்டால் தேரோனுக்குச் சொல்லக்கூட ஆள் இல்லை.

"அண்ணா," என்றது குழந்தை, ஒரே ஒரு நரம்பைத் தொட்டும் தொடாமலும் சுண்டி. சாமியின் கை வில்லைத் தொட்ட இடத்திலேயே நின்றது. "இது உங்களுக்கு வேணுமா?"

"வேணும்."

"அப்ப மாடு எனக்கு."

"எடுத்துக்கோ."

"மாட்டோட மேய்க்கிறவங்களும் வருவாங்க இல்லையா? நான் பச்சைப்புள்ள, தலையே நிக்கலை. யாரை வச்சு மேய்ப்பேன்?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. கொடு இங்கே."

குழந்தை ஆமை ஓட்டை நீட்டியது, அவர் கை வந்ததும் பின்னால் இழுத்துக்கொண்டது. "அதுல ஒருத்தனுக்குக் காலே மரமாயிட்டிருக்காம் அண்ணா. மரத்தை வச்சு மாடு மேய்க்க முடியுமா?" சாமி எரிச்சலோடு கையை உதறினார், ஈயை ஓட்டுகிற மாதிரி. "இனி ஏறாது. உதிருகிறது உதிரட்டும்." உதிருகிறது என்றால் எது, உதிராதது என்று ஒன்று இருக்கிறதா, அவள் கேட்க நினைத்தாள், ஆனால் அவர் அதற்குள் ஆமை ஓட்டை மடியில் வாங்கிக்கொண்டுவிட்டார், விரலை ஒரு நரம்பில் வைத்துவிட்டார், இனி அந்தக் காதில் மனுஷக் குரல் ஏறாது. அவர் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னால் மெலித்தா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

குழந்தை அவளுடைய சேலைத் தலைப்பு மாதிரி தொங்கிய மேலாடை நுனியைப் பிடித்துக் குகைக்கு அந்தப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. அங்கே சத்தம் வரவில்லை. "காதை விடுங்க அக்கா" என்றது. "கோவமா?" அவள் என்ன சொல்ல முடியும், ஒரு வயசுகூட ஆகாத சாமியிடம், ஒரு நாள் வயசுள்ள திருடனிடம், இனித் தனக்கு எசமானிடம். "உங்களையும் நாயையும் தூங்க வச்சது நான்தான். நீங்களா தூங்கலை. அதை மனசுல வச்சுக்கிட்டு உழலவேண்டாம்" என்றது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது, காலையிலிருந்து நெஞ்சில் இருந்த கல் அது, அதை ஒரு பிஞ்சுக் கை எடுத்து எறிந்துவிட்டது, உடனே அது இருந்த இடத்தில் இன்னொன்று இருப்பது தெரிந்தது. "அப்ப இது?" என்றாள். "இப்ப, அங்க நின்னேனே. அதுவும் நீங்க வச்சதுதானே சாமி?" குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்தது. அதன் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் முதல்முறையாக அதில் பொய் இல்லை. "அண்ணாவோட கோவத்தை மறக்கடிக்கணும்னுதான் செஞ்சேன். அவர் மாட்டை மறந்தார், வில்லை மறந்தார். நீங்க பக்கத்துல இருந்தீங்க. தூங்கவச்சது நான். இது நீங்களாவே கேட்டது." பிறகு தன் உள்ளங்கையை அவள் முதுகில் வைத்துத் தள்ளியது. "போங்க. மாடு பின்னாலேயே வந்துரும்." அவள் தடுமாறி ஓரடி எடுத்து வைத்தாள். அந்த அடி பியேரியாவின் புல்லில் விழுந்தது.

தேரோன் தலையை அண்ணாந்து நின்றான், ஆழம் தெரியாத தண்ணீரில் நிற்கிறவன் மோவாயைத் தூக்கிக்கொள்வது மாதிரி. பட்டை கழுத்துக் குழிவரை வந்திருந்தது. வலது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான், அதையாவது காப்பாற்றவேண்டும் என்று, எவ்வளவு நேரமாகவோ. அவள் ஓடிப்போய்க் கழுத்தடியில் நகத்தைக் கொடுத்தாள். பட்டை காய்ந்த சேறு மாதிரி விட்டு வந்தது, பெரிய பெரிய துண்டாக, உள்ளே தோல் சிவந்து, கொதிக்கும் பால் பட்ட மாதிரி. பேசாமல் உரித்தாள், மார்பு, வயிறு, தொடை, கால், முழங்காலில் உட்கார்ந்து விரலிடுக்குகளில் ஒட்டியதைக்கூட ஊதி ஊதி எடுத்தாள். உதிருகிறது எல்லாம் உதிர்ந்தது. இடது கை உதிரவில்லை. மார்போடு அணைத்து வைத்திருந்த கை, மணிக்கட்டுக்குக் கீழே அப்படியே மரம், ஐந்து விரலும் சேர்ந்து, ரேகை இருந்த இடத்தில் வரிவரியாகப் பட்டை. இழுத்தாள், நகத்தால் கீறினாள், தண்ணீர் ஊற்றினாள். "விடு" என்றான் தேரோன். "அது நெஞ்சுக்கு வந்தப்பத்தான் போச்சு. கடைசியா."

இருவரும் பாறையில் உட்கார்ந்தார்கள். அவன் கால்களை நீட்டி, மடக்கி, திரும்ப நீட்டிப் பார்த்துக்கொண்டான். "என் காவல் அது. நீ ஏன் உன்னோடதுன்னு சொன்னே?" என்றாள் அவள். "நீ சொல்லிருவேன்னு பயந்துதான் முந்திக்கிட்டேன்" என்றான் அவன். சொல்லியிருப்பேனா என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரியவே போவதில்லை. அவளைப் பார்க்காமல், "மாடு ரொம்பத் தூரத்துலயா கெடச்சுது? இடுப்புல இருக்கும்போதே வந்திருவேன்னு நெனச்சேன்" என்றான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தூரம், மலை, சாமிக்கே வழி தெரியவில்லை, எல்லாம் உண்மை, எதுவும் பொய்யில்லை, அதைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடலாம். நாக்கில் கடித்த இடம் வலித்தது. "மாடு கெடச்சு வெகுநேரம் ஆச்சு" என்றாள். "நான் அங்க நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"எதை?"

ஆமை ஓடு என்று சொன்னாள், குடல் நரம்பு, வெண்ணெற்றியோட குரல் என்று சொன்னாள், சொல்லச் சொல்ல அது சமையலுக்கு எடுத்துவைத்த சாமான் மாதிரிச் செத்துக் கிடந்தது, இதற்காகவா என் கையை விட்டாய் என்று அவன் கேட்டால் ஆமாம், இதற்காகத்தான் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. அவன் காத்திருந்தான். வேறு வழி இல்லாமல் அவள் வாயை மூடிக்கொண்டு அதைத் தொண்டைக்குள் முனகினாள். கரகரவென்று வந்தது, மூச்சு முட்டி நடுவில் அறுந்தது, திரும்பப் பிடித்தாள், இது அது இல்லை, அதன் நிழல்கூட இல்லை, ஆனாலும் எங்கே ஏறி எங்கே இறங்கியது என்பது மட்டும் பிசகவில்லை. தேரோன் கண்ணை மூடியிருந்தான். தாடை இறுகியிருந்தது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள், அடிப்பான் என்று நினைத்தாள், அவன் அடித்ததில்லை, இன்றைக்கு அடித்தால் சரிதான். அப்போது டக் என்று ஒரு சத்தம். அவளுடைய மூச்சு அறுந்த இடத்தில், அந்த வெற்றிடத்துக்குள் சரியாக. இன்னொரு தடவை. அவன் மரக் கை பாறையைத் தட்டியிருந்தது. தேரோன் கண்ணைத் திறந்து, அது வேறு யாருடைய கையோ என்பது போல அதைப் பார்த்தான். அவள் நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தாதே" என்றான் அவன்.

அந்தக் குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முனகினாள். அவன் தட்டினான், முதலில் தயங்கித் தயங்கி, பிறகு அவளுக்கு முன்னாலேயே போய் அங்கே நின்று அவளை எதிர்பார்த்து. சரிவிலிருந்து மாடுகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன, மடி கனத்துக் கல்லாகி, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்ட, அவர்களைச் சுற்றி வந்து நின்று கத்தத் தொடங்கின. இருவரும் எழுந்திருக்கவில்லை.